குதிரைக்காரனை மடித்து வைத்தவன்

அன்புள்ள மச்சான்,

எழுத்து கோணலும் மாணலுமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வலது உள்ளங்கையில் துணி சுற்றியிருக்கிறது. பேனா விரலுக்குள் நிற்க மாட்டேன் என்கிறது. கைக்கு என்ன ஆயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் என் வாயால் நான் அதை உங்களிடம் சொன்னதில்லை.

போன வியாழக்கிழமை ரஹாங்கில் இருக்கிற வீட்டுக்குச் சாயம் அடித்தார்கள். இது உங்கள் மகள் பார்வதியின் வீடு. நீங்கள் லாரி ஏறிய அன்று அக்கா இடுப்பில் பத்து மாதக் குழந்தையாக இருந்தாளே, அவள்தான். இப்போது அவளுக்கே ஒரு பேத்தி. தோட்ட வேலையை விட்டு நின்றதிலிருந்து நான் அவள் வீட்டுப் பின்னறையில் இருக்கிறேன். சாயக்காரர்கள் வருகிறார்கள் என்று என் கட்டிலையும் தகரப் பெட்டியையும் கூடத்துக்கு இழுத்துப் போட்டிருக்கிறாள். நான் பாசாருக்குக் கீரை வாங்கப் போயிருந்தேன். பெட்டியில் உள்ள துணியை வெயிலில் போடலாம் என்று அவள் அதைத் திறந்துவிட்டாள்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே புதுச் சாயத்தின் நெடியைத் தாண்டி அந்த வாசனை வந்தது. பழைய தோல், கொஞ்சம் புகை, கொஞ்சம் சூடம். பார்வதி தரையில் உட்கார்ந்து மடியில் அந்தப் படம் போட்ட தோல் ஏட்டை விரித்து வைத்திருந்தாள்.

“மாமா, இது என்ன சாமி? முனியாண்டியா? இவ்ளோ அழகா இருக்கு, பெட்டிக்கு அடியில போட்டு வச்சிருக்கீங்களே. ஃபிரேம் போட்டு சாமி ரூம்ல மாட்டிரலாம்லா.”

அவள் ஏட்டின் நடுவே விரலால் தடவினாள். நீளவாக்கில் ஒரு கோடு, குறுக்குவாக்கில் ஒரு கோடு. இரண்டும் சந்திக்கிற இடத்தில் குதிரைக்காரனின் மார்பு. அங்கே பொன் இல்லை, வெறும் தோல்தான் தெரிகிறது.

“யாரு மாமா இதைப் போயி மடிச்சது?”

நான் கீரையைக் கொண்டுபோய் அடுப்படியில் வைத்துவிட்டு, அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

பகாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நீங்கள் துரை பங்களாவில் சமையலும் மேசை வேலையும் பார்த்தீர்கள். நான் பால் மரம் சீவினேன். நம் இருவருக்கும் மூன்று வயதுதான் வித்தியாசம். அக்காவைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து நீங்கள் எனக்கு மச்சான், நான் உங்களுக்கு மாப்ள. ஆனால் கேலி பேசுவதில் நாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்போலத்தான் இருந்தோம். ஜப்பான்காரன் வருகிறான் என்ற செய்தி வந்ததும் துரை காரில் ஏறிச் சிங்கப்பூர்ப் பக்கம் போய்விட்டார். மேசைமேல் பாதிக் கோப்பைத் தேநீரை அப்படியே வைத்துவிட்டுப் போனார் என்று நீங்கள்தான் வந்து சொன்னீர்கள். சாவி உங்களிடம் இருந்தது. யாரும் இல்லாத வீட்டை நீங்கள் தினமும் போய்க் கூட்டித் துடைத்தீர்கள்.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம் என்னை உள்ளே கூட்டிப்போனீர்கள். கூடத்துக் கண்ணாடி அலமாரியைத் திறப்பதற்கு முன்னால் என்னைக் குழாயடிக்கு அனுப்பினீர்கள்.

“கையைக் கழுவு. தொடை. காயவிட்டுத் தொடு.”

“தொரையே ஓடிட்டாரு மச்சான். இன்னும் யாருக்குப் பயந்துகிட்டு கை கழுவச் சொல்றீங்க?”

“தொரைக்கு இல்லடா. புஸ்தகத்துக்கு.”

சாமி படம் அளவுக்கு இருந்தது அது. சிவப்புத் தோல் அட்டை. அதன்மேல் பொன்னால் கொடியும் பூவும் அழுத்தியிருந்தார்கள். இரண்டு வெள்ளிக் கொக்கிகள் அதை மூடிப் பிடித்திருந்தன. நீங்கள் அவற்றைத் திறந்த விதம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அக்கா தூங்குகிற பாப்பாவின் கையை விரிப்பாளே, அப்படி. உள்ளே காகிதமே இல்லை. கன்றுக்குட்டித் தோலைப் பதம் பண்ணி, அப்பளத்தைவிட மெல்லிசாக்கி, அதில் கறுப்பு மையால் எழுதியிருந்தார்கள். ஒவ்வொரு பத்தியும் தொடங்குகிற இடத்தில் நீல எழுத்து ஒன்று பெரிதாக உட்கார்ந்திருந்தது. ஓரங்களில் பழக்கொடி, குருவி, நத்தை.

“நானூறு வருசத்துக்கு மேல இருக்குமாம். ராஜாவோட குதிரை வீரங்க சபைக்கு எழுதுன சட்டப் புஸ்தகம். இத்தனை பேருதான் சேரலாம். சேருறவன் சத்தியம் பண்ணிட்டுத்தான் சேரணும். என்ன துணி போடணும், எங்க உக்காரணும், எல்லாத்துக்கும் சட்டம்.”

“நம்ம கோயில் கமிட்டி மாதிரியா?”

“அதே மாதிரிதான். ஆனா இவங்க அடிச்சுக்க மாட்டாங்க.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் துரைக்குக் குடி ஏறிவிட்டால் உங்களை நிற்க வைத்து, பாதித் தமிழும் பாதி மலாயுமாக அந்தச் சட்டங்களைச் சொல்லிக் காட்டுவாராம். எல்லாம் உங்களுக்கு மனப்பாடம். சண்டையில் புறங்காட்டி ஓடினவனைச் சபையிலிருந்து தள்ளிவிடுவார்களாம். அவன் கேடயத்தைச் சுவரிலிருந்து இறக்கிவிடுவார்களாம்.

“அப்ப நம்ம தொரை?” என்று நான் கேட்டேன்.

நீங்கள் சுவரில் மாட்டியிருந்த துரையின் தொப்பியைக் கழற்றித் தரையில் வைத்தீர்கள். வயிறு வலிக்கிற வரைக்கும் இருவரும் சிரித்தோம். பிறகு நீங்களே தொப்பியைத் தூசி தட்டித் திரும்ப மாட்டினீர்கள்.

“இன்னொரு சட்டம் இருக்கு மாப்ள. சபையில இருக்கிறவன் பேரை இன்னொருத்தன் கெடுக்கக் கூடாது. அதான் எனக்குப் பிடிச்சது” என்றீர்கள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நீங்கள் அதற்குள் ஏட்டைத் திருப்பிவிட்டீர்கள், படம் வந்துவிட்டது.

ஏடு முழுவதும் ஒரே படம். வெள்ளைக் குதிரை. அதன்மேல் பொன் கவசம் போட்டவன், கையில் நீண்ட ஈட்டி. குதிரையின் காலடியில் பெரிய பல்லி மாதிரி ஏதோ ஒன்று வாயைப் பிளந்து கிடக்கிறது. நான் என்னை அறியாமல் கும்பிட்டுவிட்டேன்.

“அது வெள்ளைக்காரன் சாமிடா.”

“வெள்ளைக் குதிரை, கையில ஈட்டி, காலுக்குக் கீழ அசுரன். முனியாண்டி இல்லாம வேற யாரு மச்சான்?”

நீங்கள் தலையில் அடித்துக்கொண்டீர்கள். ஆனால் எனக்கு அது முனியாண்டிதான். நம் லயத்து வீட்டு வரிசையின் கோடியில், மூன்று கல்லும் ஒரு சூலமுமாக நின்றவருக்கு முகம் இப்படித்தான் இருக்கும் என்று அன்றைக்கு முடிவு கட்டிக்கொண்டேன்.

பிறகு ஜப்பான் அதிகாரி வந்து பங்களாவில் குடியேறினார். உங்களையே சமையலுக்கு வைத்துக்கொண்டார். ஒல்லியான மனிதர், கண்ணாடி போட்டவர். அலமாரியில் இருந்த மற்ற இங்கிலீஷ் புத்தகங்களை எல்லாம் கொளுத்தச் சொன்னவர், இதை மட்டும் கொளுத்தவில்லை. காலையில் தேநீர் குடித்துக்கொண்டே ஒரு ஏடு பார்ப்பார், மூடி வைப்பார். “அவரும் கை கழுவிட்டுத்தான் தொடறாரு” என்று நீங்கள் என்னிடம் பெருமையாகச் சொன்னீர்கள்.

அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது. வேட்டி போய்ச் சாக்கு வந்தது. அதெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியதாக இருந்தது. சயாமுக்கு ஆள் பிடிக்கிற லாரி வரத் தொடங்கியதும்தான் எனக்கு உயிரே நடுங்கியது. அடுத்த தோட்டத்திலிருந்து ரயில் பாதை போடப் போனவர்களில் ஒருவரைப் பற்றியும் தகவல் இல்லை. மச்சான், நான் கோழை. சுற்றி வளைக்காமல் இதை மட்டும் நேராகச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்களும் பயந்தார்கள், ஆனால் பயந்துகொண்டே வேலையைப் பார்த்தார்கள். நான் பயத்துக்கு வேலை செய்தேன்.

மத்தியானங்களில் பங்களாவுக்கு விறகு கொண்டுவந்து போடுவது என் வேலையாக இருந்தது. நீங்கள் பேசி வாங்கிக் கொடுத்த வேலை. அதற்குக் கூலியாக அடுப்படியில் எனக்கு ஒரு தட்டு மிச்சச் சோறு கிடைக்கும். அன்றைக்கு அதிகாரி பகாவுக்குப் போயிருந்தார். நீங்கள் மீன் கழுவக் கிணற்றடிக்குப் போனீர்கள். நான் கூடத்துக்குள் நுழைந்தேன். மரம் சீவும் கத்தி இடுப்பில் இருந்தது. கையைக் கழுவவில்லை. கொக்கியைத் திறந்து, குதிரைக்காரனைக் கண்டுபிடித்து, ஒரே இழுப்பில் வெட்டி எடுத்தேன். நாலாக மடித்து இடுப்பில் சாக்குக்குள் சொருகிக்கொண்டேன். முனியாண்டி என் உடம்பிலேயே இருந்தால் லாரிக்காரன் கண்ணுக்கு நான் தெரியமாட்டேன் என்று நினைத்தேன். இப்போது எழுதும்போது காது சுடுகிறது. அன்றைக்கு அதுதான் எனக்கு அறிவாகப் பட்டது.

அந்த வாரமே லாரி வந்தது. பெயர் வாசித்தார்கள். என் பெயர் இல்லை. நான் இடுப்பைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டேன்.

லாரி போன மூன்றாம் நாள் அதிகாரி ஏடு காணாததைக் கண்டுபிடித்தார். பங்களாவுக்குள் போய்வருகிறவர்கள் நாலு பேர்: நீங்கள், நான், தண்ணீர் தூக்குகிறவர், புல் வெட்டுகிறவர். நாலு பேரையும் வராந்தாவில் நிறுத்தினார்கள். அதிகாரி சத்தம் போடவில்லை. மெதுவாகப் பேசினார், தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி அதைத் தமிழில் சொன்னார். எடுத்தவன் அடுத்த லாரியில் சயாமுக்குப் போவான். எடுத்தவன் யாரென்று தெரியாவிட்டால் நாலு பேரும் போவார்கள்.

பிறகு அதிகாரி புத்தகத்தைத் திறந்து, ஏடு இருந்த இடத்தை உங்களுக்குக் காட்டினார். நீங்கள் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, மிச்சம் நின்ற தோல் ஓரத்தை விரலால் தொட்டீர்கள். மேலே இடப்பக்கத்தில் தொடங்கி, கீழே வலப்பக்கம் சாய்ந்து இறங்குகிற வெட்டு. பால் மரத்துப் பட்டையில் நாங்கள் தினமும் போடுகிற அதே சாய்வு. நாலு பேரில் மரம் சீவுகிறவன் நான் ஒருவன்தான். நீங்கள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தீர்கள். ஒரு கணம்தான். பிறகு புத்தகத்தை மூடிக் கொக்கியைப் போட்டீர்கள்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்தேன். ஒப்புக்கொள்ளத் திறந்திருக்கலாம்.

“கிராணி ஐயா, முனியாண்டி முன்னாடி சூடம் அணைச்சுப் பாத்துரலாங்க. யாரு கை பொய்யின்னு சாமி காட்டிரும்.”

சொன்னது நான்தான் மச்சான். கிராணி இல்லை, வேலை வாங்குகிற மண்டோர் இல்லை. நம் தோட்டத்தில் அது புழக்கத்தில் இருந்த வழக்கம்தான். ஆடு காணாமல் போனாலும், தாலிக்கொடி காணாமல் போனாலும், உள்ளங்கையில் சூடம் ஏற்றி, எடுக்கவில்லை என்று மூன்று தரம் சொல்லி, கையை மூடி அணைக்க வேண்டும். மறுநாள் கொப்புளம் போட்டிருந்தால் பொய். போடாவிட்டால் உண்மை. அதிகாரிக்கு இது விசித்திரமாக இருந்திருக்கும். தானும் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டார்.

ஏன் அதைச் சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியும். எத்தனை தரம் உங்கள் அடுப்படியில் தணலைக் கையால் எடுத்துச் சுருட்டுப் பற்றவைத்திருக்கிறேன். பத்து வயதிலிருந்து வாளியும் கத்தியும் பிடித்துக் காய்த்த கை. “உன் கை கையாடா, செருப்பா?” என்று நீங்களே கேலி செய்வீர்கள். அக்காவைக் கூப்பிட்டு வேடிக்கை காட்டுவீர்கள். என் கை சுடாது என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

உங்கள் கையும் எனக்குத் தெரியும். தினமும் வெந்நீரில் கோப்பை கழுவி, துடைத்து, காயவிட்டு, அந்தத் தோல் ஏடுகளுக்கு வலிக்காமல் தொட்டுப் பழகின கை. தோட்டத்தில் அப்படி மெத்தென்ற கை வேறு எந்த ஆணுக்கும் இல்லை என்று அக்கா சொல்லிச் சிரிப்பாள். வராந்தாவில் நின்றுகொண்டு நீங்கள் உங்கள் உள்ளங்கையை ஒரு தரம் பார்த்துக்கொண்டதை நான் பார்த்தேன். “இவன் தணலையே தூக்குவாங்க” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நீங்கள் சொல்லவில்லை.

மறுநாள் காலை லயத்து ஜனம் முழுவதும் கோயிலடியில் கூடியது. சூடம் கிடைக்காத காலம். பூசாரி தகர டப்பாவில் ஒளித்து வைத்திருந்த கட்டியை நாலாக உடைத்தார். தண்ணீர்க்காரர் அணைத்தார், புல்வெட்டி அணைத்தார். மூன்றாவது நான். இடுப்பில் குதிரைக்காரன் இருந்தான், எதிரே கல்லில் முனியாண்டி இருந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் நின்று “நான் எடுக்கலே” என்று மூன்று தரம் சொன்னேன். கையை மூடினேன். வெந்நீர் பட்ட மாதிரி இருந்தது, அவ்வளவுதான். முனியாண்டியும் என்னைப் போலவே வாயை மூடிக்கொண்டு இருந்தார்.

நீங்கள் சொல்லும்போது உங்கள் குரல் கணீரென்று இருந்தது. கையை மூடும்போது மட்டும் கண்ணை இறுக்கிக்கொண்டீர்கள்.

அன்று மத்தியானம் உங்கள் வீட்டில் நானும் உட்கார்ந்திருந்தேன். உங்கள் கை சிவந்து வீங்கத் தொடங்கியிருந்தது. அக்காவுக்கு அதில் கவலையே இல்லை. அவளுடைய நம்பிக்கை அப்படி. கஞ்சித் தண்ணீரில் துணியை நனைத்துச் சுற்றினாள்.

“எடுக்காத கைக்கு ஒண்ணும் ஆகாது. நாளைக்குப் பாருங்க, வெறும் சிவப்பு, அதுவும் போயிரும். ஏன் தம்பி?”

“ஆமாக்கா” என்றேன்.

நீங்கள் பாப்பாவை மடியில் போட்டு இடக்கையால் தட்டிக்கொண்டிருந்தீர்கள். என்னை அனுப்பிவிட்டுப் பேச வேண்டும் என்று நினைத்தீர்களோ, நான் பேசுவேன் என்று காத்திருந்தீர்களோ தெரியவில்லை. நேரம் இருந்தது, மச்சான். ஒரு மத்தியானம் முழுவதும் இருந்தது. கிராணி வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தது. நான் கிழங்கைத் தின்றுவிட்டு எழுந்து போனேன்.

மறுநாள் காலைப் பெரட்டில், பெயர் கூப்பிடுகிற இடத்தில், எல்லார் முன்னாலும் நாலு பேரும் கையை விரித்தோம். மூன்று கைகள் சுத்தமாக இருந்தன. உங்கள் உள்ளங்கையின் நடுவில், கட்டைவிரல் மேட்டுக்குப் பக்கத்தில், கோழி முட்டை அளவுக்குக் கொப்புளம். அக்கா மட்டும் முன்னால் வந்து, உங்கள் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கையை விட்டாள். அவள் விட்ட விதத்தை நான் மறக்க முயற்சி செய்து பார்த்திருக்கிறேன்.

லாரி வந்த அன்றைக்கு அவள் குழந்தையோடு வந்தாள். வரமாட்டாள் என்று நினைத்தேன்.

“எடுத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் உங்க கூடவே நின்னிருப்பேன். சாமி முன்னாடி ஏங்க பொய் சொன்னீங்க?”

நீங்கள் பாப்பாவின் தலையை இடக்கையால் தடவினீர்கள். “கை சுட்டுருச்சு. என்ன பண்றது” என்றீர்கள். அவ்வளவுதான் சொன்னீர்கள்.

லாரி ஓரத்தில் நான் உங்கள் துணி மூட்டையைத் தூக்கிக் கொடுத்தேன். நீங்கள் குனிந்து வாங்கினீர்கள். அக்காவைப் பார்த்துக்கொள் என்று சொல்லப் போகிறீர்கள் என்று நினைத்தேன். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னீர்கள்:

“மடிக்காத மாப்ள. மடிச்சா பொன்னு உதுந்துரும்.”

அப்போது அது என் இடுப்பில் நாலாக மடிந்து கிடந்தது. லாரி திரும்பிப் போன பிறகு பால் சேர்க்கிற ஸ்டோருக்குப் பின்னால் போய்ப் பிரித்துப் பார்த்தேன். விரலெல்லாம் பொன் தூள். ஓரத்தில் என் கட்டைவிரல் ரேகை, பால் கறையோடு, கறுப்பாகப் பதிந்திருந்தது. இன்னும் இருக்கிறது. பார்வதி அதை அழுக்கு என்று நினைத்து நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

சண்டை முடிந்து, போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். உங்களோடு ஒரே கொட்டகையில் இருந்த ஒருவர் நம் லயத்துக்கு வந்து சொன்னார். அந்தக் கை கடைசி வரை ஆறவில்லையாம். துணி சுற்றிக்கொண்டே மண் வெட்டினீர்களாம். பிறகு பேதி வந்து போய்ச் சேர்ந்தீர்களாம். எந்த மாதம், எந்த நாள் என்று அவருக்குத் தெரியவில்லை. அக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அந்த மனிதருக்குச் சோறு போட்டாள்.

நாள் தெரியாததால் ஆடி அமாவாசை அன்றுதான் உங்களுக்குப் படையல் வைத்தோம். ஒவ்வொரு வருஷமும் அக்கா சூடம் காட்டிவிட்டுச் சொல்வாள்: “அந்த மனுசன் பொய் சொன்னதை மன்னிச்சிரு சாமி. பயத்துல சொல்லிட்டாரு.” நான் பக்கத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவள் சாகிற வரைக்கும், ஒரு வருஷம் தவறாமல், உங்களுக்காக மன்னிப்புக் கேட்டாள். நான் ஒரு வருஷம் தவறாமல் தட்டைப் பிடித்தேன்.

நான் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அக்காவையும் பிள்ளையையும் கரையேற்றுவதற்காகத் தன் வாழ்க்கையையே விட்டுக்கொடுத்தான் என்று தோட்டமே என்னைப் புகழ்ந்தது. பார்வதி கல்யாணத்தில் எனக்கு மாலை போட்டார்கள், மச்சான். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்கு அப்பா எப்படி என்று விசாரித்தபோது நம் சொந்தக்காரர் ஒருவர் குரலைத் தாழ்த்தி, “அவரு கொஞ்சம் கை நீளம், சாமி தண்டிச்சிருச்சு. ஆனா தாய்மாமன் தங்கம்” என்றார். அதைக் கேட்டுக்கொண்டு, அந்த மாலையோடு, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். சபையில் இருக்கிறவன் பேரை இன்னொருவன் கெடுக்கக் கூடாது என்ற சட்டம் அன்றைக்கு ஞாபகம் வந்தது. அப்போதாவது எழுந்து சொல்லியிருக்கலாம். பிள்ளையின் கல்யாணம் நின்றுவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சமாதானத்துக்கு எனக்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை.

ஜப்பான் தோற்று அந்த அதிகாரி போனபோது புத்தகமும் போய்விட்டது. எங்கேயாவது ஏதோ ஒரு ஊரில், கண்ணாடிக்குள் இருக்கலாம். ஒரு ஏடு குறைகிறது என்று பக்கத்தில் எழுதி வைத்திருப்பார்கள்.

கீரையை வைத்துவிட்டு அடுப்படியில் நின்றேன் என்றேன் அல்லவா. பிறகு கூடத்துக்கு வந்து பார்வதிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். அவள் சாமி அறையில் இதை மாட்டி, தினமும் பொட்டு வைத்துக் கும்பிடப் போகிறாள் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். சாயக்காரர்கள் வெளியே வாளியை நகர்த்துகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் முடித்ததும் அவள் ஏட்டை மடியிலிருந்து எடுத்து மெதுவாகத் தரையில் வைத்தாள்.

“அம்மா இருக்கும்போது சொல்லியிருக்கலாமே.”

மாமா என்று சேர்க்கவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, “அங்க போனாலாவது அவரு சாமிகிட்ட உண்மையைச் சொல்லியிருப்பாரா தம்பி?” என்று கேட்டாள். அதையும் பார்வதியிடம் சொன்னேன். அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று அவள் கேட்டாள். “சொல்லியிருப்பாருக்கா” என்று சொன்னேன் என்றேன். பார்வதி எழுந்து உள்ளே போனாள். அன்று எனக்குச் சோறு வந்தது, குழம்பு வந்தது, பேச்சு வரவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் அவள் சாமி கும்பிட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். சூட டப்பா திறந்து இருந்தது. நான் ஒரு கட்டியை எடுத்து வலது உள்ளங்கையில் வைத்துப் பற்றவைத்தேன். யாரும் பார்க்க வேண்டும் என்று செய்யவில்லை. ஏன் செய்தேன் என்று கேட்டால் இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. “நான்தான் எடுத்தேன்” என்று மூன்று தரம் சொன்னேன். கையை மூடினேன்.

சுட்டது மச்சான். மரம் சீவுவதை விட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. காய்ப்பெல்லாம் உரிந்து, கிழவனின் மெல்லிசுத் தோல்தான் மிச்சம். கண்ணை இறுக்கிக்கொண்டேன். அன்றைக்கு நீங்கள் ஏன் கண்ணை அப்படி மூடிக்கொண்டீர்கள் என்று அப்போது புரிந்தது. பார்வதி வாடை அடிக்கவும் ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் குழாயடியில் காட்டினாள். மத்தியானத்துக்குள் கொப்புளம் எழும்பிவிட்டது. முதல் தடவையாக உண்மையைச் சொன்னேன், கொப்புளம் போட்டது. உங்களுக்குப் போட்ட மாதிரியே.

இரண்டு நாளாக அவள் காலையிலும் சாயங்காலமும் மருந்து போட வருகிறாள். துணியை அவிழ்ப்பாள், துடைப்பாள், காயவிடுவாள், மருந்து தடவித் திரும்பச் சுற்றுவாள், போய்விடுவாள். குதிரைக்காரனை இரண்டு அட்டைக்கு நடுவே தட்டையாக வைத்துத் தன் அலமாரியில் பூட்டியிருக்கிறாள். சாமி அறையில் மாட்டவில்லை. என்னிடம் திருப்பியும் தரவில்லை.

இன்று காலையில் துணியை அவிழ்த்தவள் சுற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கொப்புளத்தின் ஓரத்தை விரல் நுனியால் தொட்டாள்.

“அப்பாவுக்கும் இந்த எடத்துலதானா மாமா?”

“இதே எடந்தாம்மா” என்றேன்.

அவள் குனிந்து அந்த இடத்தில் ஊதினாள்.

இப்படிக்கு,
உங்கள் மாப்ள